யாகப்பரின் உயரம் இருபத்துமூன்று அடி

பூவரசந்தீவு,
கற்பிட்டி வழி.
2024 ஜூன் 19, புதன்.

அன்போடும் கொஞ்சம் பயத்தோடும் நினைக்கும் பாக்கியம்மா அக்காவுக்கு, தம்பி இன்னாசிப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீடும் கோழிகளும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. சிலாபத்தில் நீங்களும் உங்கள் மகன் கில்பட்டும் அவன் பிள்ளைகளும் தேவமாதாவின் காவலில் நலமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ‘ஓடை’ என்று வாயைத் திறந்த உடனேயே நீங்கள் போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைத் தூக்கி வைத்தாலும் பிறகு எடுத்துப் படிப்பீர்கள் என்று உங்களை அறுபத்தாறு வருஷமாக அறிந்த எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். வருகிற யூலை இருபத்தைந்து நம் கோயில் யாகப்பர் திருவிழாவுக்கு நீங்கள் பாலத்தில் நடந்து வீட்டுக்கு வரலாம் என்று போன நத்தார்ப் பண்டிகைக்குச் சொன்னேன் அல்லவா, அந்தப் பாலம் இன்னும் கட்டவில்லை. கட்டத் தொடங்கவும் இல்லை. ஆனால் அதற்காக நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். என்ன நடந்தது என்று முதலிலிருந்து எழுதுகிறேன். எழுதும்போதாவது எனக்கும் விளங்குமா என்று பார்க்கிறேன், ஏனென்றால் இந்த நிமிஷம் வரை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நம் ஓடை எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். களப்பிலிருந்து கடலுக்குப் போகும் அந்தத் தண்ணீர் நூற்றிருபது அடி அகலம், ஆழம் ஒரு முழத்திலிருந்து இடுப்பு வரை. ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்தே போய்விடுவார்கள். மற்றவர்களுக்கு பஸ்தியானின் தோணி இருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன் நீங்கள் அந்தத் தோணியிலிருந்து இறங்கும்போது விழுந்து, இடுப்பளவு சேற்றில் எழுந்து நின்று, “பாலம் வராம இனி இந்தத் தண்ணியில தோணி ஏறமாட்டன்” என்று திருவிழாச் சனம் அத்தனைக்கும் முன்னால் சொல்லிவிட்டு, அடுத்த பக்கக் கரையால் ஏறி கில்பட்டோடு சிலாபத்துக்குப் போனீர்கள். அன்றைக்கு உங்களுக்காகத் தொடங்கியதுதான் இந்தப் பாலம். பாலச் சங்கத்தில் ‘பொதுமக்கள் நன்மை கருதி’ என்று எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பொதுமக்கள் நீங்கள் ஒரு ஆள்தான்.

எட்டு வருஷம் கேட்டுக் கேட்டு, போன மார்கழியில்தான் அரசாங்கத்தில் பணம் ஒதுக்கியாயிற்று, போய் அனுமதியை மட்டும் எடுங்கள் என்றார்கள். நானும் அனுமதி என்பது ஒரு காயிதம்தானே, முப்பத்தொரு வருஷம் உப தபால் கந்தோரில் காயிதத்தோடு சீவித்தவன் எனக்கு இது என்ன பெரிய காரியம் என்று சந்தோஷமாகத் தலையை நீட்டினேன். கனமூலை றஸீனைக் கூப்பிட்டோம். வீட்டுப் படம் கீறும் நல்ல மனிதர். தண்ணீருக்கு மேலே நாலடி உயரத்தில், கைபிடி வைத்து, அழகாக ஒரு பாலம் கீறித் தந்தார். அதை எடுத்துக்கொண்டு பச்சைக் கதவு போட்ட கந்தோருக்குப் போனேன். (கந்தோர்களின் பெயர் மூன்று பாஷையிலும் நீளமாக இருக்கிறது, நான் கதவையும் படியையும் வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.) பச்சைக் கதவில் இருந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, இது தரையா தண்ணீரா என்று கேட்டார். தண்ணீர் என்றேன். தண்ணீர் என்றால் மாடிக் கந்தோருக்குப் போங்கள் என்றார். மாடிக் கந்தோரில் இருந்தவர், பாலத்தின் இரண்டு காலும் தரையில்தானே நிற்கிறது, பச்சைக் கதவுக்குப் போங்கள் என்றார். இப்படி ஏழு தரம் ஏறி இறங்கியதில் வந்ததுதான் என் இடது முழங்கால்.

கடைசியில் மாடிக் கந்தோர்க்காரர், அந்தத் தண்ணீரில் கலங்கள் பயணம் செய்கின்றனவா இல்லையா என்று பார்த்தால்தான் அது யாருடைய தண்ணீர் என்று சொல்லலாம் என்று ஒரு உத்தியோகத்தரை அனுப்பினார். அவர் வள்ளத்தில் வந்தார். நம் ஓடையில் மூன்று இடத்தில் வள்ளம் தரை தட்டியது. மூன்றாவது இடத்தில் சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தானே இறங்கித் தள்ளினார். கரை ஏறியதும், ‘கலங்கள் பயணம் செய்யும் நீர்வழி’ என்று எழுதினார். ஐயா, நீங்கள் தள்ளிக்கொண்டு வந்தீர்களே என்று கேட்டேன். “நான் வள்ளத்தோட வந்தது தானே? நடந்து வரல்லியே?” என்றார். அவர் சப்பாத்தை மாட்டிக்கொள்ள நான் தோள் கொடுத்தேன்.

கலங்கள் போகும் நீர்வழி என்றால் அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. பதினெட்டுக் கேள்வி. ஒன்பதாவது கேள்வி: இந்நீர்வழியிற் பயணிக்கும் கலங்களுள் மிக உயரமானது எது, நீர்மட்டத்திலிருந்து அதன் உயரம் யாது, உரிமையாளர் யார். கோயில் மண்டபத்தில் சங்கத்தைக் கூட்டி வாசித்தேன். தோணியின் உயரம் ஒன்றரை அடி, பஸ்தியான் எழும்பி நின்றால் ஏழு அடி, ஏழு என்று எழுதிவிடுவோம் என்று நான் சொன்னேன். அப்போது பஸ்தியான் எழும்பி நின்றான்.

“அப்ப திருவிழாவுக்கு யாகப்பர் ஏறுற கூடு கலமில்லையோ? வருஷா வருஷம் ரெண்டு வள்ளத்தைச் சேத்துக் கட்டி அவர ஓடையால கொண்டு போறம். அதை மறைச்சு எழுதினா அது பொய். கோயிலுக்குள்ள இருந்து பொய் எழுதேலாது.”

அது சரிதானே. தூண்டில் கயிற்றைப் பிடித்து அளந்தோம். வள்ளமும் பலகையும் இரண்டு அடி, அதன் மேல் குதிரையில் ஏறி வாள் பிடித்து நிற்கும் யாகப்பர் எட்டு அடி, அவருக்கு மேல் உங்கள் வீட்டுக்காரர் லோறன்ஸ் அத்தான் தன் கையால் செய்து தந்த மேற்கூடு, மூன்று தட்டும் கண்ணாடிச் சில்லும் உச்சிச் சிலுவையும் சேர்த்து பதின்மூன்று அடி. மொத்தம் இருபத்துமூன்று. உரிமையாளர் யார் என்ற இடத்தில் கொஞ்சம் இடக்காயிற்று. வள்ளம் இரண்டும் இரவலாக வருவது, பங்குச் சுவாமி அது என்னுடையதல்ல என்றார், அத்தான் அதை யாகப்பருக்கென்று காணிக்கை கொடுத்தவர். அப்படியென்றால் சொந்தக்காரர் யாகப்பர்தானே. ஒரு படிவத்தில் வெற்றிடம் விடக்கூடாது என்பது நான் சம்பளம் வாங்கிய முப்பத்தொரு வருஷமும் கடைப்பிடித்த விஷயம், அதனால் பெயர் யாகப்பர், வதிவிடம் பூவரசந்தீவு, தொழில் அப்போஸ்தலர், அடையாள அட்டை இலக்கம் இல்லை என்று வடிவாக எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினேன். இதில் நான் விட்ட பிழை என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. மிக உயர்ந்த கலம் இருபத்துமூன்று அடி, அலைக்கும் அவசரத்துக்கும் ஐந்து அடி, ஆகவே பாலம் நீர்மட்டத்திலிருந்து இருபத்தெட்டு அடி உயரம் இருக்க வேண்டும். றஸீன் தலையில் கை வைத்துக்கொண்டு புதிதாகக் கீறினார். படி வைத்தால் உங்கள் முழங்காலுக்கு ஏறாது என்று நான்தான் சாய்வாகப் போடச் சொன்னேன். சாய்வுக்கும் ஒரு சட்டம் இருக்கிறதாம், ஒரு அடி ஏற இருபது அடி நீளம் வேண்டுமாம். படத்தைச் சுருட்டிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார்.

“மாஸ்டர், நம்மட பாலம் இறங்கி முடிய ஐந்நூற்று அறுபது அடி வேணும். ஒங்கட தீவு அந்த இடத்துல ஐந்நூறு அடிதான் ஈக்கிது. மிச்ச அறுபது அடிக்கு நான் எங்க போற?”

விளங்குகிறதா அக்கா? ஓடையைக் கடக்க ஏறும் பாலம், தீவையும் கடந்து, மற்றப் பக்கக் கடலுக்குள் அறுபது அடி போய் இறங்குகிறது. கடலில் இறங்கினால் வீட்டுக்கு வர மறுபடி தோணி ஏற வேண்டும். இதைத்தான் உங்களுக்குக் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

இதோடு முடியவில்லை. அடுத்த கிழமை தபால்காரர் முனாஸ் பதிவுத் தபால் ஒன்றோடு கோயில் வாசலில் வந்து நின்றார். விலாசம்: திரு. யாகப்பர், பூவரசந்தீவு. பதிவுத் தபால் என்றால் பெறுபவர் கையொப்பம் வைக்க வேண்டும். அந்தச் சட்டத்தை முனாஸுக்குப் படிப்பித்ததே நான்தான். புத்தகத்தையும் பேனையையும் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே பார்க்கிறார், உள்ளே யாகப்பர் குதிரையில் இருந்தபடி அவரைப் பார்க்கிறார்.

“மாஸ்டர், நான் என்ன செய்யட்டும்? இவரு சைன் வெக்க மாட்டாரு. ‘அப்படி ஒரு ஆள் இல்லை’ன்னு எழுதித் திருப்பவா?”

“எங்கட யாகப்பர் இல்லையெண்டு எழுதுவியோ?” என்று பஸ்தியான் பிடித்துக்கொண்டான்.

“இல்ல காக்கா, ‘வீட்டில் இல்லை’ன்னு போடலாம்” என்று முனாஸ் அவனை அண்ணன் முறை வைத்துச் சமாதானப்படுத்தினார்.

“அவர் வேற எங்க போனவர்?”

சண்டை வரக்கூடாது என்று நான் ‘யாகப்பருக்காக, இன்னாசிப்பிள்ளை’ என்று கையொப்பமிட்டு வாங்கினேன். அதோடு நான் அரசாங்கக் காயிதத்தில் அவருடைய காரியஸ்தன் ஆகிவிட்டேன். உடைத்துப் பார்த்தால், தங்கள் கலம் பதிவு செய்யப்படாதது, உயிர்காப்பு அங்கிகளுடனும் அடையாள அட்டையுடனும் உரிமையாளர் நேரில் சமுகமளிக்க வேண்டும் என்று இருந்தது. காரியஸ்தனாக நான் அந்தக் கந்தோருக்குப் போனேன். அங்கே ஷானிகா என்று ஒரு இளம் உத்தியோகத்தர், சிலாபப் பக்கத்துப் பிள்ளை, தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் கதைப்பாள்.

“மிஸ்டர் யாகப்பர் வரல்லியா ஐயா?”

“அவர் வரமாட்டார் மகள்.”

“சுகமில்லையா?”

“சுகத்துக்குக் குறைவில்லை. குதிரையில இருக்கிறார்.”

பிள்ளை பேனையைக் கீழே வைத்தாள். கலத்தில் மிருகம் ஏற்றுவதென்றால் அதற்கு வேறு படிவம் என்று சொல்லி லாச்சியைத் திறந்து தேடவும் தொடங்கிவிட்டாள். பிறகு நான் முழுக் கதையையும் சொன்னேன், தொழில் என்ற இடத்தில் எழுதியதை அவள் மறுபடி வாசித்துப் பார்த்தாள், மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். ஆனால் நல்ல பிள்ளை அக்கா. தண்ணீர் வாங்கித் தந்து, கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுச் சொன்னாள்: “ஐயா, ஃபோம்ல ஒருக்கா எழுதினா எழுதினதுதான், கலம் இல்லையெண்டு இனிச் சொல்லேலாது. ஆனா கலத்தின்ட உயரத்தைக் குறைச்சா, பாலத்தையும் குறைக்கலாம்.”

இனி எழுதப்போவதைத்தான் நான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டு நின்றேன். உயரத்தைக் குறைப்பதென்றால் யாகப்பரைக் குறைக்க முடியாது, குதிரையைக் குறைக்க முடியாது. மேற்கூடு ஒன்றுதான். அத்தானின் மேற்கூட்டைக் கழற்றினால் பத்து அடியும் ஐந்து அடியும் பதினைந்து. சாய்வு முந்நூறு அடியில் இறங்கிவிடும், பஸ்தியான் வீட்டுக் கிணற்றடியில், பக்குவமாக. ஆனால் அது கழற்றும் சாமான் இல்லை, அத்தான் கூட்டோடு ஒன்றாக அடித்துச் சேர்த்தது, மரம் அறுக்கும் வாளால் அறுக்கத்தான் வேண்டும். சங்கத்தில் கை உயர்த்தச் சொன்னார்கள். அறுக்கலாம் என்று ஏழு, கூடாது என்று ஏழு. பதினைந்தாவது கை என்னுடையது. நான் அறுக்கலாம் என்று உயர்த்தினேன். நேற்றுத்தான் அறிவித்தல் ஒட்டினோம், கோயில் சுவரிலும் பஸ் நிற்கும் இடத்திலும்: மேற்படி கலத்தின் உயரம் குறைக்கப்பட்டு மேற்படி பாலம் அமைக்கப்படும், ஆட்சேபனை உள்ளோர் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவும். ஆட்சேபனை ஒன்றும் வராது. கூடாது என்றவர்களுக்கும் எழுதுவதென்றால் பஞ்சி, சோம்பல்.

அத்தான் கையால் செய்ததில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். அவர் கட்டிய வள்ளமெல்லாம் உக்கிப் போயிற்று. அவர் செத்த அடுத்த வருஷத் திருவிழாவில், அந்த மேற்கூட்டை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு இறங்கித்தான் உங்களுக்குக் கால் தவறியது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அப்போது விளங்கவில்லை. நீங்கள் தொதல் பலகாரத் தட்டைத் தலைக்கு மேலே பிடித்தபடி சேற்றில் நின்றதைப் பார்த்து, நான் சிரித்தேன். ஊரே சிரித்தது, ஆனால் முதலில் சிரித்தது நான். நீங்கள் என்னைத்தான் பார்த்தீர்கள். ஒன்பது வருஷமாக மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராமல், அதற்குப் பதிலாகப் பாலம் கேட்டுத் திரிந்தேன். உங்களை இங்கே கொண்டுவர வேண்டும் என்பதற்காக அத்தானுடைய வேலையை அறுக்கக் கை உயர்த்தினேன். இது சரியா பிழையா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இல்லாமல் வீட்டில் கதைக்க ஆளில்லை, அது மட்டும் தெரியும்.

ஆகவே, பாலம் அடுத்த வருஷம் வரும், இந்தத் திருவிழாவுக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், அறுப்பதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள். கில்பட்டுக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். உங்கள் முழங்காலையும் என் முழங்காலையும் யாகப்பரே பார்த்துக்கொள்ளட்டும், காரியஸ்தன் என்ற முறையில் அவரிடம் தினமும் ஞாபகப்படுத்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
சூ. இன்னாசிப்பிள்ளை
(ஓய்வுபெற்ற உப தபாலதிபர், செயலாளர், பாலச் சங்கம்)

பி.கு.: மேலே எழுதிய ஒன்றையும் இனிக் கணக்கில் எடுக்க வேண்டாம். முத்திரை ஒட்டி, முனாஸிடம் கொடுக்க இன்று வியாழன் காலை துறைக்குப் போனேன். பஸ்தியானின் தோணி வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு ஆள், இரண்டு விளிம்பையும் இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டு. பின்னால் குடை பிடித்தபடி கில்பட். அறிவித்தலைப் பஸ்தியான் உங்களுக்குப் போனில் வாசித்துக் காட்டியிருக்கிறான் என்று பிறகு அறிந்தேன். நீங்கள் கரையில் கால் வைத்து, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இந்தத் தீவில் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை: “எங்கயடா அந்த வாள்?”

வாளை எடுத்து உங்கள் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டீர்கள். பிறகு என்னை இருத்தி, பாலம் வேண்டாம் என்று ஆட்சேபனை எழுதச் சொன்னீர்கள், அரசாங்கத் தமிழ் எழுத ஊரில் வேறு ஆளில்லாதபடியால் நானே எழுதி, செயலாளர் என்ற முறையில் நானே பெற்றுக்கொண்டு, ஆட்சேபனை இலக்கம் ஒன்று என்று பதிந்தேன். ஷானிகாவுக்குப் போன் எடுத்தேன். ஒரு ஆட்சேபனை வந்தாலும் விசாரணை வைக்க வேண்டும், குறைந்தது இரண்டு வருஷம் போகும் ஐயா என்றாள். பின்னேரம் கில்பட் உங்களைத் தோணிக்குக் கூப்பிட்டான். நீங்கள் அடுப்படியை விட்டு அசையவில்லை.

“நான் சொன்னது சொன்னதுதான். இனித் தோணி ஏறமாட்டன். பாலம் கட்டட்டும், நடந்து வாறன்.”

“அம்மா, பாலம் வேணாமெண்டு இப்ப நீங்கதானே எழுதிக் குடுத்தது?”

“அது வேற கதை. நீ போ, தண்ணி வத்துது.”

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவன் தனியாகப் போனான்.

அக்கா, நீங்கள் குசினியில் என் சட்டி பானையைப் பற்றி எனக்குக் கேட்கும்படியாகக் கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் முன்அறையில் இருந்து இதை எழுதுகிறேன். சிரித்ததைப் பற்றி மேலே எழுதியிருப்பதை வாயால் சொல்ல இப்போதும் எனக்கு வராது, அதனால் இந்தக் கடிதத்தை உங்கள் சாப்பாட்டுக் கோப்பைக்குக் கீழே வைக்கிறேன். உங்கள் ஆட்சேபனையை நாளைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன், ஒரு வெற்றிடம்கூட இல்லை, எந்தக் கந்தோரும் அதைத் தள்ள முடியாது. தயவுசெய்து அதைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள்.